தலைக்காயம் பட்ட முன்னாள் ராணுவத்தினர்: டெக்ஸாவில் (எலும்பு அடர்த்தி ஸ்கேன்) முதுகெலும்பு +1.6, ஆனால் வழுக்கி விழுந்ததிலேயே மணிக்கட்டு முறிவு. எந்த எண்ணை நம்புவது?

ஊத்தங்கரை_பிசியோ:

வணக்கம். நாளமில்லாச் சுரப்பி, நரம்பு, எலும்பு மூன்றும் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

நோயாளிக்கு 54 வயது, ஆண். 8 வருஷத்துக்கு முன் ராணுவப் பணியில் இருந்தபோது வண்டி கவிழ்ந்து தலையில் அடி. மண்டையைத் திறந்து ரத்தக்கட்டி எடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து ஃபிட்ஸ் மாத்திரை ஃபெனிடோயின் ராத்திரி 300 மி.கி. கடைசியாக ஃபிட்ஸ் வந்து 7 வருஷம் ஆகிறது. இடது கை, காலில் லேசான பலவீனம் மிச்சம் இருக்கிறது. இப்போது பாலக்கோடு பக்கம் சொந்த ஊரில் விவசாயம். சின்ன வயதிலும் சரி, ஊர் திரும்பிய பிறகும் சரி, குடித்தது போர்வெல் தண்ணீர். பற்களில் பழுப்புக் கறை தெளிவாகத் தெரிகிறது.

இரண்டு மாதம் முன் மாட்டுக்கொட்டகையில் வழுக்கி, நின்ற உயரத்திலிருந்து விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு பிரித்தாயிற்று. டெக்ஸாவில் இடுப்பு முதுகெலும்பு எல்1 முதல் எல்4 வரை டி-ஸ்கோர் (இளம் வயது எலும்போடு ஒப்பிடும் எண்) +1.6, தொடை எலும்புக் கழுத்து இடது -2.3, வலது -1.6. வைட்டமின் டி 11 நானோகிராம், கால்சியம் 8.4, ஆல்கலைன் பாஸ்பேடேஸ் 196, கிரியேட்டினின் 0.9.

"முதுகெலும்பு பிளஸ்ஸில் இருக்கிறது, எலும்பு கெட்டியாகத்தான் இருக்கிறது, கால்சியம் போதும்" என்று ஒரு இடத்தில் சொல்லிவிட்டார்கள். இன்னொரு இடத்தில் எலும்பு கரைவதைத் தடுக்கும் ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசியை அடுத்த வாரமே போட்டுவிடலாம் என்கிறார்கள். இரண்டில் எது சரி? பழைய தலைக்காயத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா, இல்லை எல்லாம் ஃபெனிடோயின் வேலையா? இன்னொன்று: இடது முழங்கை கடைசி 30 டிகிரி நீளவில்லை. கழுத்தும் இறுக்கம். இதை ஸ்பாஸ்டிசிட்டி (மூளைக் காயத்தால் வரும் தசை இறுக்கம்) என்று விட்டுவிடலாமா?

தகடூரான்:

இரண்டு ஆலோசனையும் தவறு. முதலாவது முதுகெலும்பு எண்ணை அப்படியே நம்புகிறது. இரண்டாவது மருந்து சரி, வாரம் தவறு.

முதலில் அந்த +1.6. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களின் டெக்ஸா ரிப்போர்ட்டில் முதுகெலும்பு மட்டும் தூக்கலாக இருந்தால், என் மனம் முதலில் போவது தண்ணீருக்குத்தான். பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு பழைய பிரச்சினை. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி., வேறு ஆதாரமே இல்லையென்றால் 1.5 வரை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுதியால் வரும் பல், எலும்பு நோய்) தணிப்பு' என்று சேர்த்திருப்பது சும்மா இல்லை. நீங்கள் சொன்ன பல் கறை நல்ல துப்பு. பல் உருவாகும் வயதில், ஏறக்குறைய 8 வயதுக்குள், ஃபுளோரைடு உள்ளே போனால்தான் அந்தக் கறை விழும். ஆக, இவருக்குச் சின்ன வயதுக் கணக்கு நிச்சயம். ஊர் திரும்பிய பிறகான கணக்கு அதன் மேல் வட்டி.

ஃபுளோரைடு எலும்பின் உள்பக்கச் சல்லடைப் பகுதியை அடர்த்தியாக்கும். வெளிப்பக்கக் கெட்டித் தோட்டைத் துளைத்துவிடும். படிகங்களின் அமைப்பே மாறிப்போவதால், அடர்த்தி கூடும், உறுதி கூடாது. சுண்ணாம்புக் கட்டி மாதிரி: கனமாகத் தெரியும், தட்டினால் உடையும். இது ஊகம் இல்லை. ஒரு காலத்தில் சோடியம் ஃபுளோரைடையே எலும்புத் தேய்மானத்துக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மாதவிடாய் நின்ற 202 பெண்களுக்கு நான்கு வருஷம் நடத்தி 1990ல் வெளியிட்ட சோதனையில், தினம் 75 மி.கி. எடுத்தவர்களுக்கு முதுகெலும்பு அடர்த்தி 35 சதவீதம் ஏறியது. முதுகெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை. மற்ற எலும்புகளின் முறிவோ பல மடங்கு கூடியது. அந்த மருந்து அத்தோடு போயிற்று.

அதே சோதனையில் நமக்கு உபயோகமான இன்னும் இரண்டு எண்கள் உண்டு. தொடைக் கழுத்து அடர்த்தி 12 சதவீதம் ஏறியது, முன்கை ரேடியஸ் எலும்பில் 4 சதவீதம் இறங்கியது. அதாவது உங்கள் நோயாளியின் -2.3 கூட கொஞ்சம் முகஸ்துதியாக இருக்கலாம். உண்மை சொல்லக்கூடிய இடம் முன்கை. டெக்ஸாவில் '33 சதவீத ரேடியஸ்' என்று தனியாகக் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் எடுக்க மாட்டார்கள். வலது மணிக்கட்டு முறிந்ததால் இடது கையில்தான் எடுக்க முடியும். அது பலவீனமான பக்கம், எனவே எண் கொஞ்சம் கூடுதலாகவே இறங்கித் தெரியும் என்பதை ரிப்போர்ட்டிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். கூடவே முதுகுக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்று. வலியே இல்லாமல் சப்பையான முள்ளெலும்பு இருக்கிறதா என்று அதில்தான் தெரியும். முதுகு, இடுப்பு ஃபுளோரோசிஸ் வெண்மையும் அதே படத்தில் சிக்கும்.

நோயறிதலுக்கு இதெல்லாம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிவு, கூடவே தொடையில் -1க்கும் -2.5க்கும் நடுவில் ஒரு எண்: இந்த இரண்டும் சேர்ந்தாலே நடைமுறையில் ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்புத் தேய்மானம்). டி-ஸ்கோர் -2.5ஐத் தொட்டே ஆகவேண்டும் என்பதில்லை. 50 வயதுக்குக் கீழே உள்ள முன்னாள் வீரர்களுக்கு மட்டும் டி-ஸ்கோரைப் பார்க்காமல் இசட்-ஸ்கோரை (அதே வயதுக்காரர்களோடு ஒப்பிடும் எண்) பாருங்கள், -2 அல்லது அதற்குக் கீழே என்றால் 'வயதுக்குக் குறைவு'. இளம் வயதில் ஓய்வு பெறுகிறவர்கள் ராணுவத்தில் அதிகம், அதனால் சொல்கிறேன்.

இவருக்கு இடது -2.3, வலது -1.6 என்று இருப்பதைக் கவனித்தீர்களா? பலவீனமான பக்கத்தில்தான் குறைவு. பக்கவாதத்தில் பார்க்கிற அதே கதை. பாரம் தாங்காத காலில் எலும்பு கரையும். தலைக்காயத்தின் கையெழுத்து அங்கேயே இருக்கிறது. ஹார்மோன் பற்றித் தனியாக எழுதுகிறேன், அதுதான் எல்லோரும் விட்டுவிடுகிற இடம்.

கெலவரப்பள்ளி_நியூரோ:

ஃபெனிடோயின் பக்கத்தை நான் சொல்கிறேன்.

ஈரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை ஃபெனிடோயின் முடுக்கிவிடும். வைட்டமின் டியும் அந்த வேகத்தில் சிதைந்து வெளியேறிவிடும். கார்பமசெபின், ஃபீனோபார்பிட்டால் இரண்டும் இதே வகையறா. வால்ப்ரோயேட் நொதியை முடுக்காது, ஆனால் அதற்கும் எலும்பு அடர்த்தி குறைவுக்கும் தொடர்பு பார்த்திருக்கிறார்கள். 8 வருஷ ஃபெனிடோயின், டி 11, கால்சியம் 8.4, பாஸ்பேடேஸ் 196: இது எலும்புத் தேய்மானம் மட்டும் இல்லை, ஆஸ்டியோமலேசியாவாகவும் இருக்கலாம். எலும்பில் தாது ஏறாமல் மெதுமெதுவென்று இருக்கிற நிலை. உட்கார்ந்து எழும்போது தொடை கனக்கிறது, மாடிப்படி ஏற முடியவில்லை என்பாரா என்று கேளுங்கள். பாஸ்பரஸ், பாராதைராய்டு ஹார்மோன், ஆல்புமின் மூன்றும் எடுக்க வேண்டும். ஆல்புமின் 4க்குக் கீழே எவ்வளவு குறைகிறதோ, ஒரு கிராமுக்கு 0.8 வீதம் கால்சியத்தோடு கூட்டிப் பார்த்த பிறகுதான் 8.4 உண்மையிலேயே குறைவா என்று தெரியும். பாஸ்பேடேஸ் ஃபுளோரோசிஸிலும் ஏறும், முறிந்த எலும்பு ஒட்டும்போதும் ஏறும், நொதி முடுக்கத்தாலும் ஏறும். அதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

அடுத்தது, இந்த மாத்திரை இன்னும் ஏன் ஓடுகிறது? கடும் தலைக்காயத்தில் முன்தடுப்பாக ஃபெனிடோயின் கொடுப்பதற்கு வழிகாட்டுதல் சொல்லும் காலம் முதல் 7 நாள். அதற்குப் பிறகு ஃபிட்ஸ் வந்தவருக்குத்தான் நீண்டகாலச் சிகிச்சை. இவருக்கு முதல் வருஷத்தில் வந்திருக்கிறது, எனவே ஆரம்பித்ததில் குற்றமில்லை. இப்போது ஏழு வருஷம் சுத்தமாக இருக்கிறார் என்றால், எலும்பைப் பாதிக்காத மருந்துக்கு மாற்றலாமா என்று அவருடைய நரம்பு டாக்டர் உட்கார்ந்து யோசிக்கவேண்டிய நேரம். லெவெடிராசெட்டம் நொதியை முடுக்காது. ஆனால் தலைக்காயக்காரர்களுக்கு அதில் எரிச்சல், கோபம் கூடுவது உண்டு. வீட்டுக்காரம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால், பத்தாம் நாள் 'இந்த மாத்திரை வேண்டாம்' என்று நிற்பார்கள்.

பெரிய எழுத்தில் எழுதி ஒட்டவேண்டியது: எலும்பைக் கெடுக்கிறது என்று கேள்விப்பட்டு யாரும் ஃபெனிடோயினைத் தாங்களே நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் நிற்காத ஃபிட்ஸ் வரும், உயிருக்கே ஆபத்து. மாற்றுவது என்றால் புது மருந்தை முழு அளவுக்கு ஏற்றிய பிறகு பழையதைப் படிப்படியாக இறக்குவது, அதுவும் டாக்டர் கையில்.

இன்னொரு சோதனையும் விட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் ஃபெனிடோயின் அளவு. 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை சரி. அதற்கு மேல் போனால் கண் துள்ளும், நடை தள்ளாடும். கொட்டகையில் வழுக்கியது சாணியாலா, மாத்திரையாலா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 300ஐ 400 ஆக்கினால் ரத்த அளவு மூன்றில் ஒரு பங்குதான் கூடும் என்று நினைக்காதீர்கள், ஒரேயடியாக இரண்டு மடங்குகூட ஏறும். அந்த மருந்தின் குணம் அப்படி.

ஊத்தங்கரை_பிசியோ:

நன்றி சார். உட்கார்ந்து எழச் சிரமம் இருக்கிறது, நான் அதை இடது பக்கப் பலவீனத்தின் கணக்கில் எழுதிவைத்திருந்தேன். ஹார்மோன் பற்றிச் சொன்னதால் கேட்டுப் பார்த்தேன்: எப்போதும் அசதி, தாடி வளர்வது குறைந்துவிட்டது, தாம்பத்திய நாட்டமில்லை, கிடந்து எழுந்தால் தலை சுற்றல். எல்லாவற்றையும் 'தலையில் அடிபட்டவர், அப்படித்தான் இருப்பார்' என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். என்னென்ன டெஸ்ட், எந்த வரிசையில்?

தகடூரான்:

இதைத்தான் எதிர்பார்த்தேன்.

மற்ற சுரப்பிகளை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பி மூளைக்கு அடியில் ஒரு மெல்லிய காம்பில் தொங்குகிறது, மொச்சைக்கொட்டை அளவு. தலை குலுங்கி நிற்கும்போது காம்பும் அதன் ரத்தக் குழாய்களும் இழுபடும். பல ஆய்வுகளைச் சேர்த்துத் தொகுத்த 2007ஆம் ஆண்டுக் கணக்கில், தலைக்காயத்துக்குப் பின் நாள்பட்ட கட்டத்தில் ஏதோ ஒரு பிட்யூட்டரி குறைபாடு உள்ளவர்கள் சுமார் 27.5 சதவீதம். வெடிகுண்டு அதிர்வில் மாட்டியவர்களுக்கு இன்னும் மோசமாக இருக்கலாம். ஈராக், ஆப்கானிஸ்தான் போய் வந்த அமெரிக்க வீரர்களில், வெடி அதிர்வால் 'லேசான' தலைக்காயம் பட்ட 26 பேரைச் சோதித்ததில் 11 பேருக்கு ஹார்மோன் கோளாறு. பிரிட்டன் வீரர்கள் பற்றிய இன்னொரு ஆய்வில் வெடியில் சிக்கிய 19 பேரில் 6 பேர். வெடி இல்லாத தலைக்காயத்தில் 39 பேரில் ஒருவர். சின்னக் கூட்டம்தான், சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போடக் கூடாது. ஆனால் 'ஸ்கேன் நார்மல், லேசான அடிதான்' என்ற ஒற்றைக் காரணத்துக்காக ஹார்மோன் பார்க்காமல் விடுவது சரியில்லை என்பதற்கு இது போதும்.

எலும்புக்கும் இதற்கும் என்ன? டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் எலும்பு கரைவது வேகமாகும், ஆணுக்கும்தான். வளர்ச்சி ஹார்மோன் குறைந்தால் புது எலும்பு கட்டுவது மந்தமாகும், தசையும் சுருங்கும். இவை போக, மூளையின் அடித்தளம் சிம்பதெடிக் நரம்புகள் வழியாக எலும்புச் செல்களுக்கு நேரடியாகவே கட்டளை அனுப்புகிறது. அந்த நரம்புகள் அளவுக்கு மீறி முடுக்கப்பட்டால் எலும்பைக் கரைக்கும் செல்களுக்குக் கொண்டாட்டம். இதோடு மாதக்கணக்கில் படுக்கை, ஆஸ்பத்திரியில் ஓடிய ஸ்டீராய்டு மருந்து டெக்ஸாமெதசோன், வருஷக்கணக்கில் அமிலம் குறைக்கும் பான்டோபிரசோல், மனச்சோர்வு மாத்திரை, கேன்டீன் ரம். ஒவ்வொன்றும் ஒரு பிடி மண்ணை அள்ளுகிறது. ஒரே குற்றவாளியைத் தேடினால் கிடைக்காது.

டெஸ்டுக்குக் காலை 8 மணிக்கு வெறும் வயிற்றில் போகவேண்டும். கார்டிசால் (அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்), டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) கூடவே ஃப்ரீ டி4 (தைராய்டு ஹார்மோன்), எல்எச், எஃப்எஸ்எச் (விரைகளைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்கள்), டெஸ்டோஸ்டிரோன், ப்ரோலாக்டின், ஐஜிஎஃப்-1 (வளர்ச்சி ஹார்மோனின் அடையாளம்), சோடியம். சாயங்காலம் எடுத்த கார்டிசாலும் டெஸ்டோஸ்டிரோனும் குப்பைத்தொட்டிக்கு.

இங்கே மூன்று பள்ளங்கள் உண்டு. டிஎஸ்எச் மட்டும் எடுத்துவிட்டு 'தைராய்டு நார்மல்' என்பது முதல் பள்ளம். பிட்யூட்டரி கெட்டால் டிஎஸ்எச் சாதாரணமாகவே தெரியும், ஃப்ரீ டி4தான் இறங்கியிருக்கும். இரண்டாவது இதற்கு நேர் எதிர்: ஃபெனிடோயின் எடுப்பவருக்கு ஃப்ரீ டி4 பொய்யாகவே இறங்கிக் காட்டும், டிஎஸ்எச் நார்மல். பார்த்தால் அச்சு அசல் பிட்யூட்டரி கோளாறு மாதிரி இருக்கும். அந்த ஒற்றை எண்ணை வைத்து தைராக்ஸின் ஆரம்பிக்காதீர்கள், மற்ற ஹார்மோன்களும் சேர்ந்து விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதும் ஃபெனிடோயின்தான்: டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிவைக்கும் புரதத்தை அது ஏற்றிவிடும். மொத்த டெஸ்டோஸ்டிரோன் சுமாராகத் தெரியும், உடம்புக்கு உதவுகிற ஃப்ரீ அளவு குறைந்திருக்கும். அந்தப் புரதமான எஸ்எச்பிஜியையும் சேர்த்து எடுத்துக் கணக்குப் போடவேண்டும். எடுப்பதும் ஒரு முறை போதாது, வேறொரு நாள் காலையில் இரண்டாம் முறை.

கார்டிசால் 3 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் அன்றைக்கே டாக்டரிடம். 15க்கு மேலே என்றால் பெரும்பாலும் நிம்மதி. நடுவில் நின்றால் தூண்டல் சோதனை. இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை இறக்கிச் செய்யும் சோதனை ஃபிட்ஸ் வரலாறு உள்ளவருக்கு ஆகாது. இதை மறக்காமல் சொல்லுங்கள். கார்டிசாலுக்கு சினாக்தென் ஊசிச் சோதனை, வளர்ச்சி ஹார்மோனுக்கு குளுக்ககான் ஊசிச் சோதனை என்று வேறு வழிகள் இருக்கின்றன. இதற்கு உட்சுரப்பியல் துறை உள்ள இடம் வேண்டும். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு பெங்களூருவோ வேலூர் சிஎம்சியோ பக்கம்தான்.

சிகிச்சையில் வரிசை முக்கியம். கார்டிசாலும் தைராய்டும் இரண்டுமே குறைவு என்றால் ஹைட்ரோகார்டிசோன் (கார்டிசாலுக்கு மாற்று மருந்து) முதலில், தைராக்ஸின் (தைராய்டு மாத்திரை) பிறகு. மாற்றிக் கொடுத்தால் ஆள் சுருண்டு விழுவார். ஹைட்ரோகார்டிசோனும் தேவைக்கு மட்டும், கூடினால் அதுவே எலும்பைத் தின்னும். ஃபெனிடோயின் ஓடும்வரை இந்த ஹார்மோன்களும் வேகமாகச் சிதையும், எனவே அளவு கூடுதலாகத் தேவைப்படலாம். பின்னால் ஃபெனிடோயினை நிறுத்தும்போது அளவைக் குறைக்க மறந்துவிடக் கூடாது.

டெஸ்டோஸ்டிரோன் பற்றி ஒரு எச்சரிக்கை. குறைபாடு உறுதியானால் கொடுக்கலாம், அடர்த்தியும் ஏறும். ஆனால் 2024ல் வெளியான பெரிய ஆய்வில், டெஸ்டோஸ்டிரோன் குறைந்த நடுவயது, முதிய ஆண்கள் 5,204 பேரில், மருந்து எடுத்தவர்களில் 3.5 சதவீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 2.46 சதவீதத்தினருக்கும் எலும்பு முறிந்தது. அவர்கள் தலைக்காயக்காரர்கள் இல்லை. இருந்தாலும், டெஸ்டோஸ்டிரோனை எலும்பு மருந்துக்குப் பதிலாக நினைக்கக் கூடாது என்பது தெளிவு. ஆரம்பிக்கும் முன் பிஎஸ்ஏ (ப்ராஸ்டேட் சோதனை), ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) பார்க்கவேண்டும். ஹெமட்டோகிரிட் 54ஐத் தாண்டினால் நிறுத்தவேண்டும்.

கடைசியாக ஜோலெட்ரானிக். வருஷத்துக்கு ஒரு முறை 5 மி.கி., நரம்பில் 15 நிமிஷத்துக்குக் குறையாமல். மறதி உள்ள தலைக்காயக்காரருக்கு இது வசதி. அதே வகை மாத்திரையான அலென்ட்ரோனேட் வாரம் ஒரு முறை 70 மி.கி. என்றால் வெறும் வயிறு, ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர், அரை மணி நேரம் படுக்காமல் இருப்பது என்று ஏகப்பட்ட நிபந்தனை. விழுங்கச் சிரமம் இருந்தால் உணவுக்குழாய் புண்ணாகும். ஆனால் வைட்டமின் டி 11, கால்சியம் 8.4 இருக்கும்போது ஊசி போட்டால், எலும்பிலிருந்து ரத்தத்துக்குக் கால்சியம் வரும் வழி அடைபட்டு, ரத்தக் கால்சியம் சரியும். சரிந்தால் என்ன ஆகும்? கை கால் இழுக்கும், ஃபிட்ஸ் வரும். ஏழு வருஷம் ஃபிட்ஸ் இல்லாமல் காப்பாற்றியவரை நாமே திரும்பத் தள்ளிவிடுவதா? டி 30ஐ ஒட்டி வரட்டும், கால்சியம் நேராகட்டும், ஆஸ்டியோமலேசியா இல்லை அல்லது ஆறிவிட்டது என்று தெரியட்டும், பல் டாக்டர் பார்த்துவிடட்டும், கிரியேட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன்) 35க்கு மேல் இருக்கட்டும். பிறகு போடலாம். இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போவதால் கெட்டுப்போவது எதுவும் இல்லை. புது எலும்பைக் கட்டும் ஊசியான டெரிபாராடைடு பற்றி யாராவது பேசினால், பாஸ்பேடேஸ் ஏன் ஏறியிருக்கிறது என்று தெரியாதவரை அது வேண்டாம்.

மலைச்சாரல்:

டி 11 என்றால் 6 லட்சம் யூனிட் ஊசி ஒன்று போட்டால் ஒரே நாளில் முடிந்ததே, எதற்கு மாதக்கணக்கு?

தகடூரான்:

வேண்டாம் தம்பி. வயதான பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரே முறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010ல் வந்தது. விழுவதும் கூடியது, முறிவும் கூடியது. வாரம் 60,000 யூனிட் 8 வாரம், 12ஆம் வாரம் திரும்ப அளவு. ஃபெனிடோயின் ஓடுகிறவருக்கு அதன் பிறகும் வழக்கமான பராமரிப்பு அளவு போதாது, இரண்டு மூன்று மடங்கு தேவைப்படலாம். அளந்து அளந்துதான் ஏற்றவேண்டும். வருஷக்கணக்கில் வாரம் ஒன்று என்று தானே வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், அது சிறுநீரகத்துக்கு வேட்டு.

மூட்டுக்காரன்_தொப்பூர்:

முழங்கை பற்றி மட்டும். ஸ்பாஸ்டிசிட்டி என்று எழுதும் முன் ஒரு எக்ஸ்ரே. தலைக்காயத்தில் எலும்பு ஒரு பக்கம் கரையும், இன்னொரு பக்கம் இருக்கக்கூடாத இடத்தில் முளைக்கும். தசைக்குள், மூட்டைச் சுற்றி. இடுப்பு, முழங்கை, தோள், முழங்கால் என்ற இடங்களில், தலைக்காயக்காரர்களில் 10 முதல் 20 சதவீதம் பேருக்கு இது தொந்தரவாக வரும். வெடியில் கை கால் இழந்த வீரர்களின் மிச்சத் தண்டில் இது இன்னும் சகஜம். ஒரு அமெரிக்க ராணுவத் தொகுப்பில் 63 சதவீதம்.

ஆரம்பத்தில், அடிபட்ட 3 முதல் 12 வாரத்துக்குள், மூட்டு சூடாகிச் சிவந்து வீங்கும். கால் என்றால் ரத்தக்கட்டு அடைப்பு மாதிரியே தெரியும், அதையும் டாப்ளரில் (ரத்த ஓட்ட ஸ்கேன்) பார்த்து விலக்கவேண்டும். எக்ஸ்ரேயில் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும், எலும்பு ஐசோடோப் ஸ்கேனில் முன்னாடியே தெரியும். அந்தக் கட்டத்தில் வலுக்கட்டாயமாக இழுத்து நீட்டினால் இன்னும் கெடும். இவருக்கு 8 வருஷம் ஆகிவிட்டது, முளைத்திருந்தால் முற்றிய எலும்பு. சுண்டுவிரல் மரத்துப்போகிறதா என்று பாருங்கள், அல்னார் நரம்பு அங்கேதான் ஓடுகிறது. மரத்தால் அறுவை பற்றிப் பேசவேண்டும். இல்லையென்றால், 30 டிகிரி குறைவோடு சாப்பிட, சட்டை போட, மண்வெட்டி பிடிக்க முடிகிறது என்றால் கத்தி தேவையில்லை.

ஃபுளோரோசிஸும் முழங்கையை மடக்கும், கழுத்தை இறுக்கும். முன்கை எக்ஸ்ரேயில் ரேடியஸ், அல்னா இரண்டுக்கும் நடுவில் உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்து முள் முள்ளாகத் தெரிந்தால் அது ஃபுளோரோசிஸ் முத்திரை. இரண்டு பக்கமும் இருக்கும். அதனால் வலது கையையும் சேர்த்து எடுங்கள். இடுப்பைச் சுற்றி எலும்பு முளைத்திருந்தால் அந்த இடுப்பின் டெக்ஸா எண்ணும் பொய்யாக ஏறும்.

கெலவரப்பள்ளி_நியூரோ:

மேலே சொன்னதோடு ஒன்று: தண்ணீரை மாற்றாமல் எந்த மருந்தும் முழுசாக வேலை செய்யாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் போர்வெல் தண்ணீரைக் கொடுத்து ஃபுளோரைடு எண்ணை எழுதி வாங்குங்கள். காய்ச்சினால் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை ஊருக்குள் இருக்கிறது. காய்ச்சினால் தண்ணீர் வற்றும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும், அடர்த்தி கூடும். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர், இல்லை ஆர்ஓ. களி கிண்டுகிற தண்ணீரும் கணக்கில் உண்டு. கட்டன் டீ அடிக்கடி குடிப்பவராக இருந்தால் குறைக்கச் சொல்லுங்கள், தேயிலையிலும் ஃபுளோரைடு இருக்கிறது. தண்ணீர் மாறிய பிறகு வருஷங்கள் போகப்போக முதுகெலும்பு டெக்ஸா எண் இறங்கலாம். பயப்பட வேண்டாம், ஏறியது வேண்டாத சரக்கு.

நாயக்_ரிட்டயர்டு:

காகித வேலை பற்றி. இசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டு இருந்தால் முதலில் அதன் பாலிகிளினிக். அங்கே 'எலும்பு முறிவு' என்று மட்டும் சொன்னால் எலும்பு டாக்டருக்கு மட்டும் ரெஃபரல் எழுதுவார்கள். தலைக்காயம், ஃபிட்ஸ் மருந்து, அசதி என்று மூன்றையும் சொல்லி, உட்சுரப்பியலுக்கும் நரம்புக்கும் ரெஃபரல் கேளுங்கள். டெக்ஸா உள்ளூரில் கிடைக்காவிட்டால் திட்டத்தில் சேர்ந்த எந்த (எம்பேனல்) மருத்துவமனையில் உண்டு என்று அங்கேயே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த முறையும் அதே மெஷினில் எடுக்கவேண்டும், வேறு மெஷின் எண்ணோடு ஒப்பிட முடியாது. முகாம்களில் குதிகாலை வைத்துச் சொல்கிற எண்ணை ஃபைலில் சேர்க்காதீர்கள்.

அடிபட்ட நேரத்து டிஸ்சார்ஜ் சம்மரி, சிடி ரிப்போர்ட், ரிலீஸ் மெடிக்கல் போர்டு (பணி விடுவிப்பு மருத்துவக் குழு) காகிதம் மூன்றையும் நகல் எடுத்து எல்லா டாக்டரிடமும் காட்டவேண்டும். பிட்யூட்டரி குறைபாடு உறுதியானால் 'தலைக்காயத்தின் பின்விளைவு' என்று காரணத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். வெறும் 'ஹார்மோன் குறைவு' என்று எழுதினால் பின்னால் ஊனமுற்றோர் பென்ஷனில் மறுமதிப்பீடு கேட்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. விண்ணப்பம் எழுத மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவுவார்கள்.

ஊத்தங்கரை_பிசியோ:

எல்லோருக்கும் நன்றி. இடது முழங்கை, இரண்டு முன்கை, முதுகுப் பக்கவாட்டு எக்ஸ்ரேக்களுக்குச் சொல்லிவிட்டேன். என் பக்கத்தில் எழுந்து நடந்து திரும்பும் சோதனை 17 விநாடி வந்தது. 12 தாண்டினாலே விழும் ஆபத்து. முதுகை முன்பக்கம் வளைக்கும் பயிற்சிகளை எக்ஸ்ரே வரும்வரை நிறுத்திவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைப் பிடித்து இடது காலில் பாரம் ஏற்றுவது, இரண்டும் தினம். கொட்டகைத் தரையில் சொரசொரப்பான சிமெண்ட், கழிவறையில் கைப்பிடி, ராத்திரி வாசல் விளக்கு எரியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். படுத்து எழும்போது தலை சுற்றுகிறது என்பதால் படுத்த நிலையிலும் நின்ற பிறகும் பிபி பார்த்தேன், மேல் எண் 22 இறங்குகிறது.

தகடூரான்:

22 இறக்கமா? அப்படியென்றால் கார்டிசாலை அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள், நாளைக் காலையிலேயே எடுக்கச் சொல்லுங்கள். வாந்தி, காய்ச்சல், மயக்கம் எது வந்தாலும் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு. அங்கே 'பழைய தலைக்காயம், கார்டிசால் குறைவு சந்தேகம்' என்ற இரண்டு வார்த்தை சொன்னால் போதும், ஹைட்ரோகார்டிசோன் ஊசி கை எட்டும் தூரத்தில் இருக்கும்.

மருந்துக்கடை_பர்கூர்:

மாத்திரை நேரம் பற்றி யாரும் சொல்லவில்லை. கால்சியம் கார்பனேட் சாப்பாட்டோடு, ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் வேண்டாம், கூடக் கொடுத்தாலும் உடம்பு உறிஞ்சாது. ஃபெனிடோயினிலிருந்து குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளி; சேர்த்துப் போட்டால் ஃபெனிடோயின் உறிஞ்சப்படுவது குறையும். இவருக்கு அது ராத்திரி என்பதால் கால்சியத்தைக் காலையும் மதியமும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தைராக்ஸின் வந்தால் அது விடியற்காலை வெறும் வயிற்றில், கால்சியத்துக்கு நான்கு மணி நேர இடைவெளி. பான்டோபிரசோல் ஓடுகிறவருக்கு கார்பனேட் சரியாகக் கரையாது, கால்சியம் சிட்ரேட் கேளுங்கள். சாப்பாட்டோடு கால்சியம் போவதில் இன்னொரு லாபமும் உண்டு, குடலிலேயே கொஞ்சம் ஃபுளோரைடைப் பிடித்து வெளியே தள்ளும்.

ஒரு நாளைக்கு மொத்தம் 1,000 மி.கி. போதும், சாப்பாட்டில் வருவதைக் கழித்துக்கொள்ளுங்கள். ராகி மாவு 100 கிராமில் சுமார் 350 மி.கி. கால்சியம், பால் 200 மில்லியில் சுமார் 240. மதியம் களி, ராத்திரி ஒரு டம்ளர் பால் இருக்கிற வீட்டுக்கு 500 மாத்திரை ஒன்றே ஒன்று போதும். ராகியை முளைகட்டிக் காயவைத்து அரைத்தால் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் குறையும். வைட்டமின் டி 60,000 வாரம் ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்று என்று போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. மறதி உள்ளவர் என்பதால் எட்டையும் மொத்தமாகக் கையில் கொடுக்காதீர்கள். காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை வட்டம் போட்டு, அட்டையை வீட்டுக்காரம்மா வைத்துக்கொள்ளட்டும்.